மஹல்லாவின் எல்லைகள்: புறநகர்ப் பள்ளிவாசலும் சமூக வாழ்வும் – சேலம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் ஐவேளைத் தொழுகைக்கான இடமாக மட்டும் இயங்குவதில்லை. அதைச் சூழ்ந்து வாழும் குடும்பங்களின் திருமணம், இறப்பு, ஈகை, சமயக் கல்வி, பிணக்குத் தீர்வு ஆகியவற்றை ஒழுங்குசெய்யும் நிறுவனமாகவும் அது விளங்குகிறது. மஹல்லா ஜமாஅத் என வழங்கும் இந்த அமைப்பு, தலைமுறைகளாக ஒரே இடத்தில் வாழும் குடும்பங்களை மனத்திற்கொண்டு உருவானதாகும். நகரங்கள் விரிவடைந்து, வாடகைக் குடியிருப்பும் இடம்பெயர்வும் மிகுந்துள்ள சூழலில் அதன் உறுப்புரிமை விதிகள் நெருக்கடிக்குள்ளாகின்றன. தலைக்கட்டுப் பட்டியல், திருமணப் பதிவேடு, அடக்கத்தலம் ஆகிய மூன்றின் வழியாக மஹல்லா இயங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அதன் அதிகாரத்திற்கு நாட்டுச் சட்டம் வகுத்துள்ள எல்லைகளையும், பெண்களின் நிலையையும், வக்ஃபு சட்டத் திருத்தத்தின் விளைவுகளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளிவாசல், மஹல்லா, ஜமாஅத், தலைக்கட்டு, தஃப்தர், மையவாடி, வக்ஃபு, சேலம்.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் இசுலாமியர் 5.86 விழுக்காட்டினர் ஆவர். இவர்களைக் குறித்த ஆய்வுகளில் கணிசமானவை காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலான கடற்கரை ஊர்களையும் அவற்றின் வணிக வரலாற்றையும் மையமாகக் கொண்டவை. பள்ளிவாசல் பற்றிய ஆய்வுகளும் கட்டடக்கலை, கல்வெட்டு என்னும் இரு துறைகளிலேயே பெரிதும் நிலைகொண்டுள்ளன. மெஹர்தாத் சொகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய இசுலாமியக் கட்டடக்கலை பற்றிய நூல் இதற்கு எடுத்துக்காட்டாகும். உள்நாட்டுச் சமவெளியில், கலைச்சிறப்போ தொன்மையோ கோராத குடியிருப்புப் பள்ளிவாசல்கள் போதிய கவனம் பெறவில்லை.

சேலம் மாநகருக்கு வடக்கே சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்கள், பெயரளவில் நாயக்கர் காலப் பட்டிகளாக இருப்பினும் இன்று நகரின் விரிவுப் பகுதிகளாக மாறியுள்ளன. வேளாண் நிலம் மனைகளாகி, பல ஊர்களிலிருந்தும் வந்தோர் அருகருகே குடியேறும் இத்தகைய இடங்களில் ‘மஹல்லா’ என்பதன் பொருள் யாது என்னும் வினாவே இக்கட்டுரையின் அடிப்படை. இங்குத் தனியொரு பள்ளிவாசலின் வரலாறு கூறப்படவில்லை. நிறுவனத்தின் பொது இயங்குமுறையே விளக்கப்படுகிறது.

சொல்லும் பொருளும்

‘பள்ளி’ என்னும் சொல் உறைவிடம், படுக்கை, கல்விக்கூடம், சமண பௌத்தத் துறவியர் இருக்கை எனப் பல பொருள்களில் தமிழில் வழங்கிவந்துள்ளது. அரபியின் ‘மஸ்ஜித்’ என்பதற்கு ஈடாகத் தமிழ் இசுலாமியர் இப்பழஞ்சொல்லையே ஏற்றனர். தொழுகை, நோன்பு முதலியனவும் இவ்வாறு ஏற்கப்பட்டவையே. மறுபுறம், நிருவாகத்தைச் சார்ந்த முத்தவல்லி, ஜமாஅத், மஹல்லா, தஃப்தர் ஆகியவை அரபி, பாரசீக மூலமுடையவை. வழிபாட்டுச் சொற்கள் தமிழாகவும் நிருவாகச் சொற்கள் பிறமொழியாகவும் அமைந்திருப்பது கருதத்தக்கது. தொழுகைக்கு அழைக்கும் ‘முஅத்தின்’ மக்கள் வழக்கில் ‘மோதினார்’ ஆகியிருப்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையாகும்.

மஹல்லா என்பது ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்புப் பரப்பு. ஜமாஅத் என்பது அப்பரப்பில் வாழ்வோரின் கூட்டமைப்பு. முத்தவல்லி என்பவர் பள்ளிவாசல் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளர். தொழுகை நடத்தும் இமாம் ஜமாஅத்தால் ஊதியத்திற்கு அமர்த்தப்படுபவர். பெரும்பாலான ஊர்களில் சமய அறிவுடைய இமாமைவிட நிருவாகக் குழுவே அதிகாரம் மிக்கது என்பதை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். ஜமாஅத்தை ‘சமயத் தலைமை’ என்று மட்டும் விளங்கிக்கொள்வது இவ்வகையில் பிழையாகும். அது குடும்பத் தலைவர்களின் ஊர்க்குழு என்னும் தன்மையையே மிகுதியும் பெற்றுள்ளது.

சேலம் வட்டாரப் பின்னணி

சேலம் பகுதி ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சிக்குள் இருந்து, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. நகரின் கோட்டைப் பகுதியில் திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஜாமிஆ மஸ்ஜித், திப்பு சுல்தானால் கட்டப்பட்டதென்று மக்கள் வழக்கில் கூறப்படுகிறது. இம்மரபுரை, இப்பகுதி இசுலாமியரின் வரலாற்று நினைவு கடல்வணிகத்தோடன்றி மைசூர் ஆட்சியோடு பிணைந்திருப்பதைக் காட்டுகிறது.

இப்பகுதியில் உருது பேசும் தக்கனி மரபினரும் தமிழ் பேசும் இராவுத்தர் முதலியோரும் வாழ்கின்றனர். கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈ சட்டப்பள்ளியைச் சார்ந்தவர்கள். உள்நாட்டு இராவுத்தரும் தக்கனி மரபினரும் பெரும்பாலும் ஹனஃபி சட்டப்பள்ளியைப் பின்பற்றுவோர். ஆகவே இங்குத் தொழுகை முறையைவிட மொழியே வேறுபாட்டின் அடையாளமாகிறது. வெள்ளிக்கிழமை அரபிக் குத்பாவிற்கு முன் நிகழ்த்தப்படும் ‘பயான்’ உருதுவிலா தமிழிலா என்பதை ஜமாஅத்தே முடிவு செய்கிறது. நகரின் பழைய மஹல்லாக்கள் மொழி, மரபு அடிப்படையில் ஓரளவு தனித்தனியே அமைந்தவை. புறநகரிலோ இருமொழியாளரும் ஒரே வரிசையில் நின்று தொழ வேண்டியுள்ளது. அங்கு இமாமின் மொழி பற்றிய முடிவு, அந்தப் பள்ளி எவருடையது என்னும் வினாவிற்கான விடையாகவும் ஆகிவிடுகிறது.

தலைக்கட்டு: உறுப்புரிமையின் அளவுகோல்

ஜமாஅத்தின் அடிப்படை ஆவணம் தலைக்கட்டுப் பட்டியல் ஆகும். திருமணமாகித் தனிக்குடும்பம் நடத்தும் ஆண் ஒரு ‘தலைக்கட்டு’ எனக் கொள்ளப்படுகிறார். ஒவ்வொரு தலைக்கட்டும் மாத அல்லது ஆண்டுச் சந்தா செலுத்துகிறது. கோயில் திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரி தண்டும் தமிழ் ஊர் மரபும் இதுவும் ஒரே சொல்லால், ஒரே முறையால் அமைந்திருப்பது மஹல்லாவின் உள்ளூர் வேர்களைக் காட்டும் சான்றாகும்.

இச்சந்தா பெரிய தொகையன்று எனினும் அதன் பயன் பெரிது. கடைவாடகையோ நிலவருவாயோ இல்லாத பள்ளிவாசல்களில் இமாம், மோதினார் ஊதியமும் மின்கட்டணமும் இதிலிருந்தே கொடுக்கப்படுகின்றன. இமாம்களுக்கு ஊதியம் வழங்க வக்ஃபு வாரியங்கள் பொறுப்பேற்க வேண்டுமென 1993இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் சிறு பள்ளிகளில் நடைமுறைச் சுமை ஜமாஅத்தையே சார்ந்துள்ளது. பணியிடம் மாறும் இமாம்கள், குறைந்த ஊதியம், பகுதிநேர மக்தபு ஆசிரியப் பணி ஆகிய அனைத்தும் இந்த வருவாய் எல்லையின் விளைவுகளே.

சந்தாவின் மறுபக்கம் உரிமையாகும். பட்டியலில் பெயருள்ளவரே பொதுக்கூட்டத்தில் பேசவும் நிருவாகிகளைத் தெரிவு செய்யவும் தகுதியுடையவர். இங்கு இரு சாரார் விடுபடுகின்றனர். ஒருவர், வாடகைக்குக் குடியிருப்போர். அவர்களது பெயர் சொந்த ஊர் மஹல்லாவில் இருக்கும். வாழ்வு புறநகரில் நிகழும். ஐந்து வேளையும் இங்குத் தொழுபவர் ஓர் ஆவணத்திற்காக ஊருக்குச் செல்ல வேண்டிய நிலை இதனால் ஏற்படுகிறது. மற்றொருவர் பெண்கள். கணவரை இழந்தோரும் பிரிந்து வாழ்வோரும் குடும்பத்தை நடத்தினாலும், தலைக்கட்டு என்னும் கருத்தாக்கம் ஆணையே முன்னிறுத்துவதால், உதவி பெறுவோர் பட்டியலில் இடம்பெறும் அவர்கள் முடிவெடுப்போர் பட்டியலில் இடம்பெறுவது அரிது.

தஃப்தர்: திருமணப் பதிவேடு

நிக்காஹ் பதிவேடு ‘தஃப்தர்’ எனப்படும். மணமக்கள், பெற்றோர், மணமகள் சார்பில் பொறுப்பேற்பவர், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களும் கையொப்பங்களும் மஹர் தொகையும் இதில் இடம்பெறுகின்றன. மணமகன் வேற்றூரினராயின், அவரது மஹல்லாவிலிருந்து கடிதம் பெற்று வருதல் பரவலான நடைமுறையாகும். அவர் இன்னாரின் மகன், முன்னரே மணமானவரா, முந்தைய மணவிலக்கு முறையாக முடிந்ததா என்பன அக்கடிதத்தின் வழி உறுதிசெய்யப்படுகின்றன. ஏமாற்று மணங்களைத் தடுக்கும் எளிய காப்பாக இது நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளது.

இக்காப்பு, அறிமுகமானோரின் வலைப்பின்னலை நம்பியே இயங்குகிறது. மணமகனை நேரில் அறிந்த ஜமாஅத் எழுதும் கடிதமே பயனுடையது. எந்தப் பட்டியலிலும் நிலைகொள்ளாத இளைஞர் ஒருவருக்குச் சொந்த ஊர் ஜமாஅத் தரும் கடிதம், பத்தாண்டுகளுக்கு முந்தைய அறிமுகத்தின் அடிப்படையிலானதாகவே இருக்கும். இடம்பெயர்வு மிகும்போது கடிதத்தின் சான்றுமதிப்பு குறைகிறது. ஆனால் அதைப் பெறுவதற்கான அலைச்சல் குறைவதில்லை.

2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், சமய வேறுபாடின்றி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. தஃப்தரின் சட்டநிலை இதனால் மாறியது. அது திருமணம் நடந்ததற்கான துணைச்சான்று. அரசுப் பதிவிற்கு மாற்று அன்று. 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டமும் அரசு நியமிக்கும் காஜிக்கு நீதி அல்லது நிருவாக அதிகாரம் எதையும் வழங்கவில்லை. திருமணத்தில் காஜியின் இருப்பு கட்டாயமென்றும் கூறவில்லை. தஃப்தர் மட்டும் போதுமென்று எண்ணி அரசுப் பதிவைத் தவிர்க்கும் குடும்பங்களில், பின்னாளில் வாழ்க்கைப்படி, மரபுரிமை ஆகியவற்றைக் கோரும் பெண்ணே இடருக்குள்ளாகிறார். நிக்காஹ் முடிந்ததும் அரசுப் பதிவிற்கு வழிகாட்டும் ஜமாஅத் இவ்விடரைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடுகிறது.

மையவாடி: இறுதி உரிமை

மஹல்லா உறுப்புரிமையின் முழுப்பொருளும் வெளிப்படுவது இறப்பின்போதுதான். மரணச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது. மையித்தைக் குளிப்பாட்டுதல், கபனிடுதல், சந்தூக்கில் வைத்துத் தோளில் சுமந்து செல்லுதல், ஜனாஸாத் தொழுகை, அடக்கம் ஆகிய அனைத்தும் காலந்தாழ்த்தாது நிறைவேற வேண்டும். சந்தூக், குளிப்பாட்டும் பலகை, குழி வெட்டுவோர் ஆகிய ஏற்பாடுகளைப் பள்ளிவாசல் முன்கூட்டியே பேணுகிறது. துயரத்தில் இருக்கும் குடும்பம் எதையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு.

ஆனால் அடக்கத்தலம் நிலத்தைச் சார்ந்தது. புதிய குடியிருப்பில் சந்தா திரட்டி ஒரு தொழுகைக் கூடத்தை எழுப்புதல் இயலும். மையவாடிக்கு நிலம் பெறுதல் எளிதன்று. ஆகவே புறநகர்ப் பள்ளிவாசல்கள் நகரத்துப் பழைய மஹல்லாவின் மையவாடியைச் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. அங்கு அடக்க உரிமை அந்த மஹல்லாவின் தலைக்கட்டுகளுக்கே முதன்மையானது. வேற்றூரினர்க்கு இடமளிப்பது பெரும்பாலும் மறுக்கப்படுவதில்லை எனினும், அது உரிமையாக அன்றி இசைவாகவே வழங்கப்படுகிறது. உரிமைக்கும் இசைவிற்கும் இடையிலான இந்த வேறுபாடே, வாழும் ஊரில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள இடம்பெயர்ந்தோரைத் தூண்டும் காரணங்களுள் வலிமையானது எனலாம்.

சந்தா நிலுவை, நிருவாகத்தோடு பிணக்கு ஆகியவற்றைக் காட்டி அடக்கத்தைத் தாமதப்படுத்தும் அச்சுறுத்தல், மஹல்லா அதிகாரத்தின் கடுமையான முகமாகும். இறந்தவரை அடக்கம் செய்தல் சமுதாயம் முழுமைக்குமான கூட்டுக்கடமை (ஃபர்ளு கிஃபாயா) என இசுலாமியச் சட்டமே கூறுவதால், இத்தகைய தடை சமய நெறியின்படியும் நியாயப்படுத்த இயலாதது.

மஹல்லாவிற்கு அப்பால்: கஞ்சியும் ஈகையும்

உறுப்புரிமைப் பட்டியல் கேட்கப்படாத இடங்களும் பள்ளிவாசலில் உண்டு. ரமளான் மாத நோன்புக் கஞ்சி அவற்றுள் முதன்மையானது. அரிசி, பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு ஆகியவற்றோடு தேங்காய்ப்பாலோ இறைச்சியோ சேர்த்துப் பெரிய அண்டாக்களில் காய்ச்சப்படும் கஞ்சி, நோன்பு திறக்கும் நேரத்திற்கு முன்பே பொதுமக்களுக்கு ஊற்றப்படுகிறது. தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களின் சமயத்தை எவரும் வினவுவதில்லை. நோயுற்ற குழந்தையை ஏந்திப் பள்ளிவாசல் வாயிலில் மாலைத் தொழுகை முடியும் வரை காத்திருந்து, வெளிவருவோரிடம் ஓதி ஊதிச் செல்லும் பிற சமயத் தாய்மாரும் தமிழ்நாட்டின் பழகிய காட்சியே. சீர்திருத்த இயக்கங்கள் இவ்வழக்கத்தைக் குறைகூறினும், பள்ளிவாசலைத் தெருவோடு இணைத்த நூல்களுள் இதுவும் ஒன்றாகும்.

நோன்புக் கஞ்சிக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிறது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தமையால், கஞ்சி காய்ச்சுவதற்கு மாறாக அரிசியாகவே வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க முடிவாயிற்று. இங்கு ஜமாஅத்தின் பட்டியல் அரசு விநியோகத்தின் கருவியாகப் பயன்பட்டது. எவருக்கு உதவி தேவை என்பதைத் தெருவாரியாக அறிந்த அமைப்பு என்பதே அதன் வலிமை. பட்டியலில் இல்லாதோர் விடுபடுதல் அதன் குறை. வலிமையும் குறையும் ஒரே ஆவணத்திலிருந்து தோன்றுகின்றன.

பேரிடர்க் காலங்களில் இடம் தருவதும் இத்தொடர்ச்சியில் அமைவதே. 2015 சென்னைப் பெருவெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் தங்குமிடங்களாகவும் உணவுக்கூடங்களாகவும் திறந்துவிடப்பட்டன. 2019இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் நிலச்சரிவில் இறந்தோரின் உடற்கூறாய்விற்குப் போத்துக்கல் பள்ளிவாசலின் தொழுகைக் கூடமே வழங்கப்பட்டது.

பிணக்குத் தீர்வும் சட்ட எல்லையும்

கணவன் மனைவி பிணக்கு, கொடுக்கல் வாங்கல், பாகப்பிரிவினை ஆகியவை ஜமாஅத்தின் முன் வருவது மரபு. செலவின்மை, விரைவு, அறிந்தோர் முன்னிலை ஆகியன இதன் நன்மைகள். ஆயின் ஜமாஅத் செய்யக்கூடியது இணக்கம் காணுதல் மட்டுமே என்பதை நீதிமன்றங்கள் படிப்படியாகத் தெளிவுபடுத்தியுள்ளன. ஃபத்வாவிற்குச் சட்டவலிமை இல்லை என 2014இல் உச்ச நீதிமன்றம் விஸ்வலோசன் மதன் வழக்கில் தீர்ப்பளித்தது. பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம் போலச் செயற்படும் அமைப்புகளை அனுமதிக்கலாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் அரசுக்கு உத்தரவிட்டது. வழக்குரைஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்துரை மட்டுமே என 2017 சனவரியில் அதே நீதிமன்றம் கூறியது. குலா முறையில் மணவிலக்குக் கோரும் பெண் குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும். தனியார் ஷரீஅத் மன்றச் சான்றிதழ் செல்லாது என்பது 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இத்தீர்ப்புகள் ஜமாஅத்தை ஒழிக்கவில்லை. அதன் பணியை வரையறுக்கின்றன. எனினும் சட்டவலிமை இல்லாத முடிவிற்கும் சமூக வலிமை உண்டு. ஊர்விலக்கு என்பது எழுத்தில் இல்லாமலும் நிகழக்கூடியது. அழைப்பு நின்றுபோதல், திருமணக் கடிதம் தாமதமாதல் போன்றவற்றை எந்த நீதிமன்றத்திலும் எளிதாக மெய்ப்பிக்க இயலாது. தமிழ்ப் புனைகதை இதனை முன்பே பதிவு செய்துள்ளது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) ஊர்ச் செல்வமும் பள்ளிவாசல் தலைமையும் ஒரே கையில் குவியும் நிலையைச் சித்திரிக்கிறது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) ஊர்க்கட்டுப்பாடு பெண்களின் அன்றாடத்துள் இறங்கும் விதத்தைக் காட்டுகிறது.

பெண்களும் ஜமாஅத்தும்

பிணக்குகளில் பெரும்பாலானவை பெண்ணின் வாழ்வைப் பற்றியவை. அவற்றை விசாரிப்போர் ஆண்கள். பல ஊர்களில் பெண் நேரில் தன் தரப்பைச் சொல்ல இயலாமல், தந்தையோ உடன்பிறந்தவரோ அவளுக்காகப் பேசுகின்றனர். இம்முரணை எதிர்த்தே புதுக்கோட்டையில் தாவூத் ஷரிஃபா கானம் முன்னின்று பெண்கள் ஜமாஅத்தை அமைத்தார். பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் என்னும் அவரது முன்மொழிவு நாடெங்கும் கவனம் பெற்றது. தீபா தன்ராஜ் இயக்கிய ஆவணப்படம் (2011) இவ்வமைப்பின் செயற்பாட்டைப் பதிவு செய்துள்ளது. அம்முயற்சியின் உட்கருத்து எளியது: தொழும் இடமும் தீர்ப்புரைக்கும் இடமும் ஒன்றாக இருக்கும் வரை, முதலாவதில் இடமில்லாதவருக்கு இரண்டாவதிலும் இடமிராது.

பெண்கள் பள்ளிவாசலுக்குள் சென்று தொழுவதற்கு இசுலாத்தில் தடையில்லை என அனைத்திந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியமும் 2020இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. புதிதாகக் கட்டப்படும் பள்ளிவாசல்கள் சிலவற்றில் பெண்களுக்குத் தனித் தொழுகையிடம் அமைக்கப்படுகிறது. பழைய கட்டடத்தில் இடமில்லை என்னும் காரணம் புறநகரில் பொருந்தாது. கட்டட வரைபடம் வரையும் நிலையிலேயே இம்முடிவை எடுக்க வாய்ப்புள்ளது.

சொத்தும் ஆவணமும்

வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. ஆகவே புறநகரில் ஒரு வீட்டிலோ கூரைக் கொட்டகையிலோ தொடங்கும் தொழுகை, பள்ளிவாசலாக உருப்பெறப் பல்லாண்டுகள் ஆகின்றன. மனை எவர் பெயரில் வாங்கப்பட்டது, வக்ஃபு செய்யப்பட்டதா என்பன தெளிவாக இல்லாவிடில் அடுத்த தலைமுறையில் வழக்கு எழுகிறது.

2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் இச்சிக்கலுக்குப் புதிய அவசரத்தை அளித்துள்ளது. நெடுங்காலப் பயன்பாட்டாலேயே ஒரு சொத்தை வக்ஃபு எனக் கொள்ளும் கோட்பாடு இனிவரும் காலத்திற்கு நீக்கப்பட்டது. முன்னரே பதிவு செய்யப்பட்டவை, தகராறுக்குட்பட்டவையும் அரசுச் சொத்தும் நீங்கலாக, பாதுகாக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15இல் வழங்கிய இடைக்கால உத்தரவில் சில பிரிவுகளை நிறுத்திவைத்தது. எனினும் இக்கோட்பாட்டின் நீக்கத்தை நிறுத்திவைக்கவில்லை. வாய்மொழிக் கொடையாலும் வழக்காற்றாலும் நிலைபெற்ற ஊர்ப்புற மையவாடிகளுக்கும் சிறு பள்ளிகளுக்கும் ஆவணமே இனி உயிர்நிலை. தலைமுறைகளாகக் கையெழுத்துப் படிகளில் பேணப்பட்ட வரவு செலவுக் குறிப்பேடும் தஃப்தரும் இவ்வகையில் ஊர் வரலாற்று மூலங்கள் மட்டுமல்ல, சொத்துரிமைச் சான்றுகளும் ஆகின்றன. அவை கறையானுக்கு இரையாவதற்கு முன் படியெடுக்கப்பட வேண்டும்.

முடிவுரை

மஹல்லா ஜமாஅத், நிலையான குடியிருப்பையும் ஆண் தலைமைக் குடும்பத்தையும் அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. அந்த அடிப்படை இருந்தவரை, திருமணக் காப்பும் அடக்க உரிமையும் ஏழையர் உதவியும் அரசின் துணையின்றியே நிறைவேறின. கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற விரிவுப் பகுதிகளில் அவ்வடிப்படை நெகிழ்ந்துள்ளது. அங்கு மக்கள் தொழுவது ஓரிடத்தில், பெயர் இருப்பது வேறிடத்தில், அடக்கம் பெறுவது மூன்றாவது இடத்தில் என மஹல்லா மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

இம்மூன்றையும் மீண்டும் இணைப்பதற்கான வழி, வம்சத்தை விடுத்து வசிப்பிடத்தை உறுப்புரிமையின் அளவுகோலாகக் கொள்வதாகும். வாடகைதாரரையும் குடும்பம் நடத்தும் பெண்களையும் தலைக்கட்டாக ஏற்றல், நிக்காஹ் முடிந்ததும் அரசுப் பதிவை உறுதிசெய்தல், அடக்கத்தைச் சந்தாவிலிருந்து முற்றிலும் பிரித்தல், ஆவணங்களைப் பேணுதல் ஆகியவற்றுக்குச் சமயநெறியில் தடையில்லை, சட்டத்திலும் தடையில்லை. கஞ்சி ஊற்றும்போது பட்டியலைப் பார்க்காத பள்ளிவாசல், தன் பட்டியலையும் அதே மனத்தோடு விரித்துக்கொள்ளுமாயின் மஹல்லா என்னும் நிறுவனம் புறநகரிலும் நிலைக்கும். இதற்கான மாற்றங்கள் எந்தெந்த ஊர்களில், எவ்வளவில் நிகழ்ந்துள்ளன என்பது சேலம், நாமக்கல் சமவெளிப் பள்ளிவாசல்களின் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு மேலாய்வு செய்தற்குரியது.